மூச்சு இருவது

ஜன்னல் சீட்டுல நீங்களே இருங்கக்கா, நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கிடுதேன். பையக் குடுங்க, கால்கிட்ட வச்சுக்கிடுவோம். ஓடி வந்தீங்களோ? எதுக்கு ஓடணும், கண்டக்டரு இன்னும் டீக்கடையிலதான் நிக்காரு. கண்ணாடியத் தள்ளி விட்டுக்கிடுங்க, காத்து வரட்டும்.

தென்காசிக்கா? நானும் அங்கதான். பால்காய்ப்பா? தங்கச்சி மக வீடா? ரொம்ப சந்தோசம். சரி, நீங்க பேசாண்டாம். நான் பேசுதேன், நீங்க கேட்டுக்கிட்டு வந்தாப் போதும். எங்க வீட்டுல நான் வாயத் தொறந்தா டிவிச் சத்தத்தக் கூட்டி வச்சுருவாங்க.

ஆமா, ஆஸ்பத்திரி வேலைதான். பேரு சண்முகவடிவு. திருநெல்வேலியில டிரஸ்ட் ஆஸ்பத்திரியில நர்சு, முப்பத்திரெண்டு வருசம் சர்வீஸ். பொது வார்டுக்கு நான்தான் இன்சார்ஜ். முப்பத்தெட்டு பெட்டு, எல்லாம் இலவசம். இன்னைக்கு எதுக்குப் போறேன்னு கேளுங்க. தென்காசியில எங்க டிரஸ்ட்டுக்கு இன்னொரு ஆஸ்பத்திரி இருக்கு. அங்க உள்ள நர்சுகளுக்கு மூச்சு எண்ணச் சொல்லிக்குடுக்கப் போறேன். மனுசன் ஒரு நிமிசத்துக்கு எத்தன தடவ மூச்சு விடுதான்னு எண்ணுததுக்கு ஒரு வகுப்பு, அதுக்கு நான் டீச்சரு. நூறு வரைக்கும் எண்ணத் தெரிஞ்ச சின்னப் பிள்ளகூடச் செய்யிற வேலை. ரிட்டயராக மூணு வருசம் இருக்கு, எனக்குக் கிடைச்ச பதவியப் பாருங்க. மூச்சு சிஸ்டர்னு பேரு வச்சிருக்காளுக.

எல்லாம் ஒரு மெஷினால வந்த வினை.

ரெண்டு வருசம் முந்தி ஆயுத பூசை சமயத்துல வந்துச்சு. ஏ.ஐ., ஏ.ஐ.ங்காங்கள்லா, அது. பாக்க ஒரு பெரிய டிவி மாதிரி, எங்க மேசைக்கு மேல சுவத்துல மாட்டுனாங்க. பெட்டுக்கு ஒரு கட்டம். நாங்க காய்ச்சல், பிரஷரு, நாடி, மூச்சு எல்லாம் பாத்து உள்ள அடிச்சு விடணும். அது யோசிச்சு கலரு போடும். பச்சைன்னா ஆளு நல்லாருக்காரு. மஞ்சள்னா ஒரு கண்ணு வச்சுக்கோ. சிவப்புன்னா மோசமாகப் போகுது, ஓடு. சிவப்பு வந்தா டூட்டி டாக்டரு போனு தன்னால அடிக்கும், ஐ.சி.யூ. வரிசையில அந்த ஆளு முன்னால போயிருவாரு. ஐ.சி.யூ.ல மொத்தமே ஆறு பெட்டு, பாத்துக்கிடுங்க. முந்தியெல்லாம் யாருக்கு அந்த பெட்டுன்னு பெரிய டாக்டரு சொல்லுவாரு. இனிமே மெஷினு சொல்லும், மெஷினுக்கு சாதி கிடையாது, சொந்தக்காரன் கிடையாது, அரசியல்வாதி போன் பண்ணுனா எடுக்காதுன்னு அவரே மேடையில பேசுனாரு. நாங்க சந்தனம் குங்குமம் வச்சு, சூடம் காட்டுனோம். சந்தனம் பட்ட இடத்துல பதினாலாம் பெட்டு தெரியாமப் போச்சு. ரெண்டு நாளு கழிச்சுத்தான் தொடைச்சோம்.

அதுக்கு நாங்க ஜோசியர்னு பேரு வச்சோம். ஜோசியர் என்ன சொல்லுதாரு, ஜோசியருக்கு நம்பர் குடுத்தியான்னு கேப்போம்.

வளையல் நல்லாருக்கே, காட்டுங்க. பழைய வேலைப்பாடு. கை இப்படியே இருக்கட்டும், நல்லாப் பாக்கணும். என் மருமகளுக்கு இதே மாதிரி ஒண்ணு செய்யணும்னு நினைச்சிருக்கேன். ம், நல்லாருக்கு.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஜோசியர். ரெண்டு மாசத்துல எனக்குச் சந்தேகம் வந்துட்டு. மாடியில ரூம் வார்டு, காசு கட்டுதவங்க. அங்க ஒருத்தரு தும்முனா மஞ்சள், இருமுனா சிவப்பு. எங்க வார்டுல ஆளு கண்ணு சொருகிக் கெடக்கும், பச்சை. சாயங்காலம் நான் ஸ்கிரீனப் பாத்தா வயக்காடு மாதிரி பச்சைப் பசேல்னு இருக்கும். ஐ.சி.யூ.ல ஆறு பெட்டுல அஞ்சுல மாடி ஆளுக. நான் விடுவேனா? கேன்டீன்ல சொன்னேன், லிப்ட்டுல சொன்னேன், யூனியன்ல சொன்னேன். ஏழைன்னா மெஷினுக்கும் எளக்காரம்னு சொன்னேன். மத்தவளுக எல்லாம் நமக்கென்னன்னு இருந்தாளுக. நான் மட்டுந்தான் கேட்டேன், அத நீங்க குறிச்சுக்கிடணும்.

இந்த நேரத்துலதான் பிரிசில்லா வந்து சேந்தா. ஒப்பந்த நர்சு, இருவத்தெட்டு வயசு. நல்ல பிள்ளைதான், ஆனா நத்தை. ஒரு ரவுண்டு போயிட்டு வரச் சொன்னா ஒரு மணி நேரம் ஆகும். என்ன செய்யுதான்னு போய்ப் பாத்தேன். ஒவ்வொரு பெட்டா நின்னு, நோயாளி கையப் பிடிச்சுக்கிட்டு, உங்க ஊர்ல மழை உண்டா, மாடு கன்னு போட்டுச்சான்னு கேட்டுக்கிட்டு நிக்கா. ஏளா, நீ வேலைக்கு வந்தியா, பொண்ணு பாக்க வந்தியான்னு கேட்டேன். மூச்சு எண்ணுதேன் சிஸ்டருங்கா.

ஒரு ஆளுக்கு ஒரு நிமிசம் கடியாரத்தப் பாத்து எண்ணுதாளாம். உன் மூச்ச எண்ணப் போறேன்னு சொன்னா மூச்சு மாறிருமாம், அதனால நாடி பாக்கிற மாதிரி கையப் பிடிச்சுக்கிட்டு, பேச்சுக் குடுத்து, அப்புறம் பேசாம நின்னு நெஞ்சப் பாக்கணுமாம். எனக்குத் தெரியாதாக்கும்! அவ பிறக்க முந்தியே நான் படிச்சது. ஆனா முப்பத்தெட்டு பேருக்கு நாளைக்கு ஆறு தடவ எண்ணுனா என்ன ஆச்சுன்னு கணக்குப் போடுங்க. டூட்டியில இருக்கது ரெண்டே ரெண்டு நர்சு. ஊசி யாரு போடுவா, டிரிப்பு யாரு மாத்துவா?

அதுக்குத்தான் எங்க வார்டுல ஒரு வழக்கம் உண்டு. மூச்சு இருவது. எல்லாருக்கும் இருவது, காலையில இருவது, மத்தியானம் இருவது. நல்ல மனுசனுக்கு பன்னிரெண்டுலருந்து இருவது வரைக்கும் இருக்கும், அதனால பொய்யும் கிடையாது பாருங்க. நான் சேந்தப்ப எனக்கு எங்க இன்சார்ஜ் சொன்னாங்க, நான் பின்னால வந்தவளுகளுக்குச் சொன்னேன். ஒரு தடவ ஒருத்தரு டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயி மீன்குழம்புச் சோறு சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு, இங்க சார்ட்டுல அவருக்கு மூச்சு இருவதுன்னு எழுதியிருந்துச்சு. சிரிச்சுக்கிட்டோம். மாடியில இந்தப் பிரச்சினையே இல்ல. அங்க பெட்டுக்கு ஒரு வயரு மெஷினு, அதுவே எண்ணிப் போட்டுரும்.

நான் பிரிசில்லா மேல ரிப்போர்ட்டு எழுதிக் குடுத்தேன். வேலையில் வேகம் போதாது. கையெழுத்துப் போட்டேன்.

அட, கேட் போட்டுட்டான். ரயிலு எப்ப வருமோ. எஞ்சினையும் அமத்திட்டாரு, என்ன அமைதி பாருங்க. கொஞ்ச நேரம் பேசாம இருப்போம். அந்த வேப்பமரத்தப் பாத்துக்கிட்டு இருங்க. வாட்ச்ச என்ன பாக்கேன்னு நினைக்காதீங்க, வகுப்புக்கு நேரமாகுதான்னு பாக்கேன்.

ம்.

சரி. ரயிலு போயிட்டு.

போன ஆடி மாசம் ஆவுடையம்மான்னு ஒரு பொம்பள அட்மிட்டானாங்க. முப்பத்தொண்ணாம் பெட்டு. பீடி சுத்துறவங்க, நாப்பத்தாறு வயசு, காலுல புண்ணு, காய்ச்சல். என்ன செய்யுதுன்னு யாரு கேட்டாலும் ஒண்ணுமில்லம்பாங்க. ஊசி போட்டா ஒண்ணுமில்ல, புண்ணத் தொடைச்சா ஒண்ணுமில்ல. சும்மா படுத்திருக்கப்பவும் விரலு ரெண்டும் பீடி சுத்துத மாதிரி போர்வைய உருட்டிக்கிட்டே கெடக்கும். என்னப் பாத்தா மட்டும், நாளைக்குப் போயிரலாமா தாயீ, இலைய நனைச்சுப் போட்டுட்டு வந்துட்டேன்னு கேப்பாங்க. போகலாம் போகலாம்னு சொல்லுவேன். எல்லாருக்கும் அப்படித்தான சொல்லுதோம்.

மூணாம் நாளு மத்தியானம். மூணு இருவதுக்கு பிரிசில்லா ரவுண்டு போனா. முப்பத்தொண்ணுக்கு மூச்சு முப்பத்தாறுன்னு மெஷினுல அடிச்சா. என்கிட்ட ஓடி வந்து, சிஸ்டர், ஆவுடையம்மாவுக்கு ரொம்ப வாங்குது, விசம் ரத்தத்துல ஏறிட்டோன்னு பயமா இருக்கு, ஐ.சி.யூ.க்கு மாத்தணும்னா. ஐ.சி.யூ.ல அப்ப ஒரு பெட்டு காலி. ஸ்கிரீனப் பாத்தேன். சிவப்பு வரணுமா இல்லியா? வரலை. மஞ்சள்ல ஒரு கேள்விக்குறி போட்டு, இந்த எண் வழக்கத்துக்கு மாறாக உள்ளது, பொறுப்பாளர் மறுபடி சரிபார்க்கவும்னு நிக்கு. பாருங்க, ஒரு நர்சு எண்ணிச் சொல்லுதா, நம்ப மாட்டேங்கு. மாடியில வயரு சொன்னா நம்பும்.

சரிபாத்தேன். பச்சையாயிட்டு.

அந்த பெட்டு மாடியில ஏழாம் நம்பர் ரூம்ல உள்ள ஒருத்தருக்குப் போச்சு. மறுநாள் விடியக்காலையில ஆவுடையம்மா போயிட்டாங்க. மக வந்து அந்தப் போர்வைய மடிச்சு மடிச்சு வச்சுச்சு. யாரையும் ஒரு வார்த்த கேக்கலை. கேட்டிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. நேரா பெரிய டாக்டரு ரூம்புக்குப் போயி, இந்த மெஷினு எங்க வார்டு ஆளுகளக் கொல்லுதுன்னு சொன்னேன். சத்தம் போட்டே சொன்னேன். அவரு நல்ல மனுசன், மீட்டிங் போட்டாரு. கம்பெனியிலருந்து நஸ்ரின்னு ஒரு பொண்ணு வந்தா, இந்த மெஷினச் செஞ்சவள்ல ஒருத்தி. மெதுவாப் பேசுவா, மேடம் மேடம்பா. பிரிசில்லாவையும் கூப்பிட்டிருந்தாங்க. நான் எந்திரிச்சேன். சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும், உங்க மனசுல நியாயம் இல்ல, அப்புறம் மெஷினுல எப்படி வரும்னு கேட்டேன்.

நஸ்ரின், ரெண்டு படம் காட்டட்டுமா மேடம்னு கேட்டா. காட்டுன்னேன்.

முதல் படம் மாடி வார்டு. மெஷினு வாறதுக்கு முந்தின அஞ்சு வருசத்து மூச்சு நம்பர் எல்லாம் புள்ளி புள்ளியா, பன்னிரெண்டுலருந்து நாப்பது வரைக்கும் சிதறிக் கெடக்கு. ரெண்டாவது படம் எங்க வார்டு. புள்ளியே கிடையாது. நடுவுல ஒரே ஒரு கம்பம், கோயில் கொடிமரம் கணக்கா நிக்கு. அதுக்குக் கீழ இருவதுன்னு எழுதியிருக்கு.

அந்தப் பொண்ணு சொல்லுதா, மெஷினுக்கு உங்க பழைய சார்ட்டுகளத்தான் மேடம் படிக்கக் குடுத்தோம். பொது வார்டுல யாருக்கும் மூச்சு வாங்காது, சாகப் போறவங்களுக்கும் கடைசி வரைக்கும் இருவதுதான்னு அது படிச்சிக்கிட்டு. முப்பத்தாறுன்னு ஒண்ணு வந்ததும் யாரோ தப்பா அடிச்சுட்டாங்கன்னு நினைச்சிட்டு. ஏழைய ஒதுக்கணும்னு அதுக்குத் தெரியாது. ஏழை எப்படி மூச்சு விடுவாங்கன்னே அதுக்குத் தெரியாது, யாரும் சொல்லலை. சந்தேகம் வந்தாக் கேக்கணும்னு மட்டும் வச்சிருந்தோம், கேட்டுச்சு மேடம்னு சொன்னா.

அப்புறம் மூணாவதா ஒண்ணு காட்டுனா. அது படம் இல்ல, ரெண்டு வரி. மணி மூணு இருவது, மூச்சு முப்பத்தாறு, பிரிசில்லா. மணி மூணு இருவத்தாறு, மூச்சு இருவது, சண்முகவடிவு.

யாரு எப்ப அடிச்சான்னு அது எழுதி வச்சுக்கிடுமாம். அப்படி எழுதி வைக்கும்னு எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலை, அதக் கேக்க ஆளு இல்ல.

நான் போய்ப் பாத்தேன்க்கா. பாக்கலைன்னு யாரும் சொல்ல முடியாது. வார்டுக் கதவுகிட்ட நின்னு எட்டிப் பாத்தேன். ஆவுடையம்மா கண்ண மூடிப் படுத்திருந்தாங்க, விரலு போர்வைய உருட்டிக்கிட்டு இருந்துச்சு. ஏதோ கொஞ்சம் வாங்குது, இந்தப் பிள்ள பெருசு பண்ணுதான்னு நினைச்சேன். கை தன்னால இருவது அடிச்சுட்டு. முப்பத்திரெண்டு வருசமா இருவது போட்ட கை.

அந்த ரூம்புல ஏ.சி. ஓடுது, எனக்கு உடம்பெல்லாம் தீயாக் காந்துது. தலையக் குனிஞ்சவதான், நிமிரலை. ஐ.சி.யூ.க்குப் போயிருந்தாலும் பிழைச்சிருப்பாங்கன்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னு பெரிய டாக்டரு சொன்னாரு. நான் கேக்காமலே சொன்னாரு. அவரும் முப்பது வருசமா எங்க சார்ட்டப் பாத்துத்தான் கையெழுத்துப் போடுதாரு. எல்லாருக்கும் எப்படிய்யா இருவதுன்னு ஒரு நாளு கேட்டிருப்பாரா? தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க, அது சரியாத்தான் இருக்கு. மெஷினச் சொல்லுங்க, எண்ணாத நம்பர நம்புனது அதோட தப்புத்தான? ஒரு புத்தியுள்ள மெஷினா இருந்தா என்னப் பாத்து சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? சரி, என்னையும் கொஞ்சம் சொல்லலாம். வேண்டாம்னா சொல்லுதேன்?

இனிமே என்ன செய்யலாம்னு பெரிய டாக்டரு கேட்டாரு. பழைய இருவது எல்லாத்தையும் அழிச்சிருவோம்னு நஸ்ரின் சொன்னா. பிரிசில்லா கைய மேல தூக்குனா, பள்ளிக்கூடத்துப் பிள்ள மாதிரி. சார், எண்ணலைன்னா எண்ணலைன்னு எழுத ஒரு எடம் வேணும் சார்ன்னா. இப்ப ஏதாவது ஒரு நம்பர் போடாம அடுத்த பக்கத்துக்கே போக முடியலை, அதனாலதான் எல்லாரும் இருவது போடுதாங்க. எண்ணாத பெட்டுக்கு பச்சை போடக்கூடாது, தெரியாதுன்னு ஒரு கலரு போடணும்னு சொன்னா. எனக்கும் அதே யோசனை மனசுல ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, அவ முந்திக்கிட்டா.

சாம்பல் கலரு வச்சாங்க. முதல் நாளு காலையில நான் ஸ்கிரீனப் பாக்கேன், முப்பத்தெட்டு கட்டத்துல முப்பத்தொண்ணு சாம்பலு. அன்னைக்குத்தான் ஒளிக்காம எழுதுனோம். ரெண்டு பேரால மிச்ச ஏழு பேருக்குத்தான் எண்ண முடிஞ்சுது. டிரஸ்ட்டு சேர்மன் ஏதோ வேலையா வந்தவரு அதப் பாத்துட்டாரு. என்னம்மா இது, வார்டு பூரா சாம்பலா இருக்கு, அபசகுனமா இருக்குன்னு பதறிப்போயி கேட்டாரு. எண்ண ஆளு இல்ல சார்னு சொன்னேன். இத நான்தான் சொன்னேன், பிரிசில்லா அப்ப டூட்டியிலயே இல்ல. ஒரே வாரத்துல டூட்டிக்கு ரெண்டு நர்சு கூடுதலாப் போட்டாங்க. முப்பத்திரெண்டு வருசமா ஆளு வேணும், ஆளு வேணும்னு மனு குடுத்திருக்கோம். பச்சையா இருந்த வரைக்கும் ஒருத்தரும் எட்டிப் பாக்கலை. எங்க இருவதுதான் எங்களுக்கே ஆப்பு வச்சிருக்கு, இது அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

இப்ப எங்க வார்டுலயும் சிவப்பு வருது. போன மாசம் ஐ.சி.யூ.ல ஆறுல மூணு எங்க ஆளுக. மெஷினு புதுசா எதப் படிக்கணும், எதப் படிக்கக்கூடாதுன்னு சொல்ல மாசம் ஒரு கமிட்டி, அதுல நர்சுகதான் பெரும்பாலும். நான் தலைவி. பிரிசில்லா மேல எழுதுன ரிப்போர்ட்டத் திருப்பிக் கேட்டேன், அது பைல்ல ஏறிட்டு, எடுக்க முடியாதுங்காங்க. அவளுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கிறப்ப அதக் காட்டி ஆறு மாசந்தான் குடுத்திருக்காங்க. நான் இன்னொரு லெட்டரு எழுதியிருக்கேன். ஒரு நிமிசம் எண்ணுதவன்னு எழுதியிருக்கேன். அதுக்கு மேல நர்சுக்கு என்ன பாராட்டு எழுதன்னு எனக்குத் தெரியலை.

அக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. ஒண்ணு சொல்லணும்.

உங்க வளையல் நல்லாருக்கு, பொய்யில்ல. ஆனா நான் பாத்தது நாடி. நூத்திப் பதினாறு. கேட் போட்ட எடத்துல பேசாம இருப்போம்னு சொன்னேன்லா, அப்ப உங்க மூச்ச எண்ணுனேன். முப்பத்திநாலு. பஸ்ஸுக்கு ஓடி வந்ததா இருக்கும், உக்காந்தா அடங்கிரும்னு நினைச்சேன். இவ்வளவு நேரம் ஏன் வளவளன்னு பேசிக்கிட்டு வந்தேன்? நீங்க வாயத் தொறக்கக்கூடாதுன்னுதான். இப்ப மறுபடி எண்ணுனேன். அதே முப்பத்திநாலு. உக்காந்து முக்கால் மணி நேரமாச்சு. காலு வீங்கி, செருப்பு வாரு எப்படி அமுங்கியிருக்குன்னு பாருங்க. எத்தன நாளா இப்படி?

ஒண்ணுமில்லன்னு சொல்லாதீங்க. அந்த வார்த்தைய மட்டும் என்கிட்டச் சொல்லாதீங்கக்கா.

கண்டக்டர் சார்! அடுத்தாப்ல பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்துங்க, ரெண்டு பேரு இறங்குதோம். ஸ்டாப் இல்லன்னா இன்னைக்கு ஒரு நாளு இருக்கட்டும். பைய நான் தூக்குதேன், நீங்க மெதுவா எந்திரிங்க, என் தோளப் பிடிச்சுக்கிடுங்க. தங்கச்சி மகளுக்கு நான் போன் பண்ணிச் சொல்லுதேன். என் வகுப்பு எங்க போயிரும், எண்ணத் தெரியாதவளுக இன்னும் ஒரு மணி நேரம் எண்ணத் தெரியாமத்தான் இருக்கட்டும்.

அந்தப் பால்காய்ப்புப் பத்திரிகையக் குடுங்க, பின்னால எழுதித் தாரேன். உள்ள போனதும் வாசல்ல இருக்கிற நர்சுகிட்ட நீட்டுங்க. அவளும் ஏதாவது ஒண்ணப் போடப் பாப்பா, எனக்குத் தெரியாதா. மூச்சு முப்பத்திநாலு. மணி பதினொண்ணு நாப்பது. சண்முகவடிவு.

ஒரு நிமிசம் முழுசா, ரெண்டு தடவ எண்ணுனதுன்னு சொல்லுங்க.